அமுதவல்லி பாய் பிடித்த நாள்

அமுதவல்லிக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தைந்து வருஷம் பழவேற்காடு ஏரிக்குள்ளேதான் கழிந்தது. விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். பனையோலையில் முடைந்த மீன்கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவி இறால் பிடிப்பாள். நண்டு கடித்த தழும்பு இல்லாத விரல் அவளிடம் கிடையாது. ஆனால் அவள் வீட்டில் எந்தக் காலத்திலும் படகு இருந்ததில்லை. பாய் விரித்த படகு ஏதாவது தூரத்தில் போனால், துழாவுவதை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்ப்பாள்.

"அதுல இன்னா கீதுனு இப்டிப் பாக்குற?" என்று அவள் கணவன் மாரி கேட்பான். அவள் மறுபடி சேற்றுக்குள் கையை விடுவாள்.

போன பங்குனியில் இருக்கம் தீவில் அம்மன் திருவிழா வந்தது. ஏரியின் வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கிற அந்தத் தீவில்தான் மகள் கலைவாணியைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போவதென்றால் பொன்னேரிக்கு ஒரு பஸ், கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பஸ், எளாவூர் வழியாக ஆரம்பாக்கத்துக்கு இன்னொன்று, அங்கிருந்து இன்ஜின் படகு. பாதி நாள் அதிலேயே போய்விடும்.

அன்று காலை புருஷனும் பெண்டாட்டியும் பையோடு கிளம்பி வந்தபோது, கரையில் தினகரன் தனியாக நின்று திட்டிக்கொண்டிருந்தான். கடலோரக் குப்பத்துக்காரன், அமுதவல்லியிடம் இறால் வாங்கிப் போகிறவன். திருவிழாவுக்கான வாழைத்தார்களைப் பாய்ப் படகில் ஏற்றியாகிவிட்டது. கூட வரவேண்டிய சுரேஷ் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"பாய்க் கயித்தப் புடிக்க ஒரு ஆளு இல்லாம எப்டி போறது யக்கா? காத்து வேற சூப்பரா கீது."

அமுதவல்லியின் வாய் முந்திக்கொண்டது.

"நான் புடிக்கிறேன் தம்பி."

தினகரன் தயங்கினான். "எங்கூர்ல பொம்பளைங்கள ஏத்த மாட்டாங்க யக்கா."

"வாழத்தாரு வெயில்ல பழுக்குது. உங்கூரு வந்து தூக்கிட்டுப் போகுமா?"

அவன் சிரித்துவிட்டான். மாரிதான் சிரிக்கவில்லை. "நான் பஸ்ல போறேன். நீ தண்ணிக்குள்ள வுழுந்து எழுந்து வா. யாரு முன்னாடி போறாங்கன்னு பாத்துடலாம்."

"பாத்துடலாம்யா!"

பாய் ஏறியது. படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு ஒரே உதறலில் வயிறு புடைத்து நின்றது. கயிறு அவள் கையை வெடுக்கென்று இழுத்தது. இத்தனை வருஷம் தண்ணீர் அவளைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது; ஒவ்வோர் அடியையும் தள்ளித்தான் எடுத்து வைக்கவேண்டும். இப்போது அதே தண்ணீர் இரண்டாகப் பிளந்து ஓடியது. "யம்மாடி!" என்று கத்தினாள்.

"வலிச்சிப் புடி! வுடாத! வலது பக்கம் சாஞ்சி குந்து!" என்றான் சுக்கானைப் பிடித்திருந்த தினகரன்.

வெயில் ஏற ஏறக் கடல் காற்று வலுத்தது. படகு இடப்பக்கம் சரிந்தது. நுரை அவள் முகத்தில் அடித்தது. உள்ளங்கை எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆழமில்லாத இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி, ரோஜா நிற இறக்கையோடு தலைக்கு மேலே போனது.

பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது. மாரி. "எளாவூர் தாண்டிட்டேன். நீ எங்க கீற?"

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று சொல்லி வைத்தாள். தீவு இன்னும் பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் படகின் அடியில் சர்ரென்று சத்தம் வந்தது. படகு நின்றுவிட்டது. பங்குனி மாதத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே வரும். போன மாதம் படகு போன பாதை இப்போது திட்டாகியிருந்தது. தினகரன் பாயை இறக்கிவிட்டு, கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"போச்சி யக்கா. இனிமே போய்ச் சேர சாயங்காலந்தான்."

அமுதவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். இது அவள் இடம். முழங்கால் அளவுதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். காலுக்கடியில் மணல்; இன்னும் மணல்; கிளிஞ்சல். முப்பது அடி தள்ளிக் கால் சேற்றில் புதைந்தது. கணுக்காலில் குளிர்ந்த தண்ணீர் உரசிக்கொண்டு ஓடியது. ஓடுகிற தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் ஆழம் இருக்கும். இரண்டு அடி எடுத்து வைத்தாள், மார்புவரை இறங்கினாள்.

"தம்பி, இங்க கீது வழி! கவுற வீசு!"

அவள் முன்னால் இழுக்க, தினகரனும் இறங்கிப் பின்னாலிருந்து தோள்கொடுக்க, படகு முனகிக்கொண்டே நகர்ந்து ஆழத்தில் மிதந்தது. இருவரும் சேறும் சகதியுமாக ஏறி விழுந்தார்கள். பாயை மறுபடி ஏற்றிய தினகரன் கயிற்றைத் தானே எடுத்துக்கொண்டான்.

"நீ சுக்கானப் புடி யக்கா. தண்ணிக்கடியில இன்னா கீதுனு உனுக்குத்தான தெரியுது."

பிடித்தாள். கொஞ்சம் திருப்பினால் படகு முழுவதும் திரும்பியது! முதலில் பாம்புபோல் வளைந்து போனாள். பிறகு கை பழகிவிட்டது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வெளுத்த இடங்களை ஒதுக்கி, கறுத்த இடங்களில் விட்டாள்.

தீவுக்கு அரை மைல் இருக்கும்போது இடப்பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. ஆரம்பாக்கத்திலிருந்து திருவிழாக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு ஒரு படகு மெல்ல ஊர்ந்து வந்தது. நடுவில், மடியில் பையோடு மாரி.

"வுடு யக்கா, வுடு!" என்று தினகரன் பாயை இறுக்கினான்.

படகு பறந்தது. பக்கத்தில் வந்ததும் அமுதவல்லி ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். "யோவ் மாரி! இங்க பாருய்யா!"

சுக்கான் அருகில் தன் பெண்டாட்டியைப் பார்த்த மாரி வாயைப் பிளந்து எழுந்து நின்றான். படகு ஆடியது. "குந்துய்யா பெர்சு!" என்று நாலு பேர் கத்தினார்கள். அவனோ நின்றபடியே, "எம் பொண்டாட்டி! அது எம் பொண்டாட்டி!" என்று எல்லாரிடமும் காட்டினான்.

கரையில் கலைவாணி முட்டியளவு தண்ணீரில் ஓடிவந்தாள். அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துப் பதறி, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினாள். அன்று முழுக்க அமுதவல்லி வாயை மூடவேயில்லை.

மறுநாள் எதிர்காற்று. வளைந்து வளைந்துதான் திரும்பவேண்டும். பொழுது சாய்ந்துவிடும் என்றான் தினகரன்.

"சாயட்டுமே," என்று சொல்லிவிட்டு, அவன் கூப்பிடுமுன்பே போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டாள்.