தெருக்குழாயின் முதல் குடம்

எங்கள் தெருவுக்குக் குழாய் வரவேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவள் என் அக்கா. திருத்தணி மலைக்குப் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்த எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். அதுவும் சொல்லிவைத்தாற்போல் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு வரும். நைனா மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விடுவார், அம்மா கழனி வேலைக்குப் போய்விடுவாள், நானோ சின்னவள். ஆகவே குடத்தோடு நிற்பதற்காக அக்காவின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. "கொழா வந்துட்டா மறுநாளே உன்ன இஸ்கூல்ல சேத்துடறேன்" என்று நைனா வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா புத்தகப் பையை ஆணியிலேயே மாட்டி வைத்து, அவ்வப்போது தூசி தட்டுவாள்.

ஒரு மார்ச் மாதம் திடீரென்று தெருவில் பள்ளம் தோண்டினார்கள். குழாய் வேலையை எடுத்த கான்ட்ராக்டரிடம் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மேஸ்திரியாக இருந்தார். அதனால் அதைச் சொந்த வீட்டு வேலையாகவே நாங்கள் நினைத்தோம். "மாசம் முடியறதுக்குள்ள வேலைய முடிச்சிக் காட்டணும். இல்லன்னா நகராட்சிக்கு ஒதுக்கின பணம் திரும்பிப் பூடும்" என்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பணம் எங்கே திரும்பிப் போகும், போகிற வழி அதற்குத் தெரியுமா என்றெல்லாம் நான் கவலைப்பட்டேன்.

திறப்பு நாளன்று குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றினார்கள். கவுன்சிலர் தேங்காய் உடைத்தார். புதுத் தண்ணீரைக் கல்யாணமாகாத பெண் ஒருத்தி பிடித்து, முதல் குடத்தை அம்மனுக்கு ஊற்றவேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். மாமாவின் தயவில் அந்த வாய்ப்பு அக்காவுக்குக் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. ஒதுங்கலாம் என்று தெருக்கோடிச் சுவருக்குப் பின்னால் போனால், அங்கே தண்ணீர் லாரி நின்றது. மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புதுப் பைப்பின் வாயில் லாரியின் ரப்பர் ஓஸைச் செருகி, கையால் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. மாமா உங்களுக்குத் தண்ணி உட்டுகினு கீறேன்."

எங்களுக்காக ஒளிந்திருந்து பாடுபடுகிற மாமாவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் திரும்பி ஓடி வந்தபோது குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அக்கா நிரம்பி வழிந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கவுன்சிலர் பக்கத்தில் நிற்க, போட்டோ எடுத்தார்கள். அந்தக் குடத்தை அம்மனுக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக்கு ஒரு குடம் பிடிக்க அவள் வந்தபோது குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் சொட்டவும் இல்லை.

வந்த தண்ணீர் ஏன் நிற்கவேண்டும் என்று தெரு யோசித்தது. கவுன்சிலரையோ கான்ட்ராக்டரையோ ஒருவரும் கேட்கவில்லை. "கொடம் புடிச்ச கை சரியில்ல. தீட்டோட புடிச்சாளோ என்னாவோ" என்று எதிர்வீட்டு அம்மாள் ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. அம்மா அக்காவை மூலையில் நிறுத்தி, "உண்மையச் சொல்லுடி" என்று அடித்தாள். மாமா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, அக்கா லாரியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் கை கழுவினார்.

நைனா என்னையும் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். "இது உங்க தெருதானே? கொடம் வழியுது பாரு. உங்க தெரு வேலை முடிஞ்சிபோச்சுய்யா. முடிஞ்ச வேலைக்கு மறுபடி பணம் போட்டா ஆடிட்டுல என் கழுத்தப் புடிப்பாங்க."

"ஆங், எம் பொண்ணுதாங்க அது" என்றார் நைனா. கும்பிடு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். சர்க்கார் ஆபீசில் அக்காவின் படம் இருப்பதைத் தெருவில் எல்லோரிடமும் நான் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் வந்ததும் புத்தகப் பையை ஆணியிலிருந்து எடுத்து அம்மா வெங்காயம் போட்டு வைத்தாள். பதினெட்டு முடிந்ததும் அவளை மணவூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

போன வருஷம் அவள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்தது. நான் போயிருந்தேன். "நீயே தொறந்து உடுடி, என் கை வேணாம்" என்று தள்ளி நின்றாள். லாரியையும் ஓஸையும் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "செரி, நீயே தொற" என்றாள்.

தெருவே அவள் கையைப் பழித்த அந்த ராத்திரி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில்தான் நான் படுத்திருந்தேன். மாமா நாளைக்கு லாரியோடு வந்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.