பெஞ்சின் நான்கு திருகாணிகள்

முப்பது வருடமாக அந்தப் பழைய குடியிருப்பின் குழாய்களைப் பார்ப்பவர் அவர். எந்தச் சாக்கடைக் குழாய் எங்கே வளைகிறது, எந்த மூடி எந்த மரத்தடியில் புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. வரைபடம் போட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி முழங்கால் வலி தாங்காமல் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அந்த அம்மாவை எழுப்பி விரட்டினார். மறுநாளே பெஞ்சின் முதுகில் ஒரு பலகை முளைத்தது: ‘வேலையாட்கள் உட்காரக் கூடாது.’ குழாய்க்காரர் அதை மறக்கவில்லை.

இன்று செயலாளர் வீட்டுக் கூடத்தில் சாக்கடை பொங்கியது. வெளியாட்கள் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். செய்தி கேட்டதும் குழாய்க்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சருகே நின்றார். செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணே, சீக்கிரம் வாங்க. வீடே நாறுது!”

“அண்ணனா? நேத்து வரைக்கும் ‘டேய் குழாய்’தானே?”

“அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க.”

“நாலு வருஷமா வெச்சிருக்கேனே!” பையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினார். “அந்தப் பலகைய உங்க கையாலயே கழட்டுங்க.”

“அது சங்கத்தோட முடிவு...”

“அப்போ சாக்கடையையும் சங்கத்தையே அள்ளச் சொல்லுங்க.”

செயலாளர் மண்டியிட்டார். நான்காவது திருகாணி துருவேறி அசைய மறுத்தது. குழாய்க்காரர் கை கொடுக்கவில்லை. ஒருவழியாகப் பலகை விழுந்ததும் மனைவியை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

“இப்ப வரலாமில்லே?”

“இவளுக்குக் கால் வலி. கொஞ்ச நேரம் போகட்டும், சார். அதுவரைக்கும் நீங்க நில்லுங்க.”