அண்ணன் சிறையில் நெய்த கூலி

இன்று எனக்குச் சொந்தமாகப் பதினெட்டுத் தறிகள் ஓடுகின்றன. கடைத்தெருவில் மாடியோடு கூடிய பட்டுக்கடை ஒன்று, பிள்ளையார்பாளையத்தில் கல்கட்டடமாக இரண்டு வீடுகள். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், மூன்று கல்யாணப் புடவைகளும் என் தறியில் நெய்தவை. எங்கள் தெருவுக்கு மின்சாரக் கம்பம் வந்தது நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதால். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது. ஒருவரும் எனக்குக் கைகொடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. அண்ணன் இருந்துவிட்டாரே, அப்படி எழுத முடியாது.

அண்ணனின் நினைவு மலருக்கு இந்தக் கட்டுரையை நானே என் கையால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

அண்ணன் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்தவர். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. கீழே நாங்கள் நான்கு தம்பிகள். அன்றைக்கு அப்பாவின் தறியில் உட்கார்ந்தவர், எங்கள் நான்கு பேரையும் ஆளாக்கிய பிறகுதான் தமக்கென்று பெண் பார்க்கச் சம்மதித்தார். அவர் நெய்த கரையில் ஓர் இழை விலகி நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் நெய்து பார்த்திருக்கிறேன், நானும் நெய்திருக்கிறேன். அந்தக் கை வேறு கை.

அந்தக் கைதான் ஒருவரை அடித்தது. அதையும் எழுதுகிறேன்.

தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீளவாக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைப்பது எங்கள் வழக்கம். அந்த நேரம் தெருவில் வண்டி வராது. உள்ளூர்க்காரர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். அன்று காலை தென்னேரியிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த முனுசாமி என்ற வண்டிக்காரருக்கு அது தெரியாது. "நிறுத்துய்யா, பாவு கீது!" என்று கத்தினோம். கத்தியதில் மாடு மிரண்டது. வண்டி பாவின் மேல் ஏறிப் போயிற்று. ஒரு கல்யாணத்துக்கு நெய்ய வேண்டிய பட்டு, மூன்று மாத வேலை, புழுதியில் கிடந்தது. அண்ணன் கையில் பாவுக்கழி இருந்தது. ஒரே அடி. முனுசாமி சக்கரத்தின் மேல் விழுந்தார். அதே வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவரும் அண்ணன்தான். மூன்றாம் நாள் முனுசாமி இறந்துவிட்டார்.

நான் நல்ல வக்கீலாகப் பிடித்தேன். மாடு மிரண்டதில் அவரே தவறி விழுந்தார் என்று சாட்சி சொல்லத் தெருவே தயாராக இருந்தது. கோர்ட்டில் அண்ணன், "நான் அடிச்சேன்யா, அதான் உழுந்தாரு" என்று சொல்லிவிட்டார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐந்து வருஷம் தண்டனை.

சிறையில் அவரைத் தறிக்கூடத்தில் போட்டார்கள். முதல்முறை பார்க்கப் போனபோது, அங்கிருந்த காவலர் ஒருவர் என்னைக் கம்பிக்கு இந்தப் பக்கமாகவே நிறுத்திக் காட்டினார். கயிறு போன்ற முரட்டு நூல். கைதிகள் போர்த்திக்கொள்ளும் போர்வை. அதற்கு அண்ணன் கல்யாணப் புடவைக்குப் போடுவது போல் இரண்டு பக்கமும் கரை போட்டு நெய்துகொண்டிருந்தார்!

"இன்னாய்யா உங்க அண்ணன், கைதிக்கெல்லாம் பார்டர் போட்டுக்கினு இருக்காரு? சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்றார் காவலர்.

அண்ணன் என்னிடம் சொன்னார்: "கரை இல்லாத நெய்ய எனக்கு வரலடா. கை தானா போவுது."

அந்தச் சிறையில் ஒழுங்காக நெய்பவர்களுக்குச் சிறு கூலி உண்டு. அதைக் குடும்பத்துக்குத்தான் அனுப்ப விடுவார்கள். "வூட்டுக்கு வர்ற கூலிய எடுத்துக்கினு போய் தென்னேரியில முனுசாமி சம்சாரத்துகிட்ட குடுத்துடு. உங்க அண்ணிகிட்டச் சொல்லிட்டேன்" என்றார் அண்ணன். அண்ணி அந்தக் கூலியைத் தொடவில்லை. பட்டு நூல் இழைத்துக் கொடுத்தே பிள்ளைகளைக் காப்பாற்றினார். அரிசி மட்டும் என் வீட்டிலிருந்து போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடையில் விஷயம் பரவியது. "அடிச்சவனுக்குச் சோறும் போட்டுக் கூலியும் குடுக்கிறாங்களா? அப்ப இன்னாத்துக்குப்பா நான் வெளிய கஷ்டப்படறேன்? யாரையாச்சும் காட்டு, ஒண்ணு வெச்சிட்டு நானும் போறேன்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், சொந்த அண்ணன் என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அன்றைக்கு என் எண்ணமும் அதுதான். தண்டனை என்றால் தண்டனை, அதற்குக் கூலி எதற்கு?

கூலி வந்தது. பார்த்தால் எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கொண்டுபோய் ஓர் உயிருக்கு ஈடாகக் கொடுப்பதா? என் பணத்தை அதோடு சேர்த்தேன், பல மடங்கு. சைக்கிளை மிதித்துக்கொண்டு தென்னேரிக்குப் போனேன்.

முனுசாமியின் மனைவி பச்சையம்மாள் வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அண்ணன் எழுதிய கார்டு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை போர்வை நெய்தார், என்ன கூலி கிடைத்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

"கடுதாசில கம்மியா எழுதிக்கீது. மீதி யாருது?"

"என்னுதுதாம்மா. ரொம்பக் கொஞ்சமா இருக்குதேன்னு..."

"நீ அடிச்சியா?"

"இல்லம்மா."

"அப்ப நீ இன்னாத்துக்குக் குடுக்கிற? அடிச்ச கை பாடுபட்டுக் குடுக்கிறத எடுத்துக்கினு வா. வாங்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன். உன் மொதலாளித்தனத்த சைக்கிள்ளயே வெச்சிக் கட்டிக்கினு போ."

போனேன். இந்தச் சுற்றுவட்டத்தில் என்னை அப்படிப் பேசியவர் வேறு எவரும் இல்லை.

மறுமாதம் இரண்டு மாதக் கூலியை மட்டும் கொண்டுபோனேன். கார்டுகளில் இருந்ததும் கையில் இருந்ததும் சரியாக இருந்தன. பச்சையம்மாள் அதை எண்ணி வாங்கினார். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் சாதியில் அந்தத் தெருவில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் இல்லை. குடித்தேன்.

அரசாங்கத்துக்கு அண்ணன் ஐந்து வருஷம் கொடுத்தார். தென்னேரிக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்தக் கூலி ஒன்றுதான். வேலை வாங்கிக்கொண்டு அதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அவர் எதைக் கொண்டு அந்த வாசலுக்கு வந்திருப்பார்? என் பதினெட்டுத் தறிகளின் வருமானத்தையும் கொட்டினாலும் பச்சையம்மாள் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார். கைதிக்குக் கூலி எதற்கு என்று இன்றைக்கு யார் பேசினாலும் நான் எழுந்து நின்று சண்டை போடுகிறேன்.

விடுதலையாகி வந்த மறுநாள், "இனிமே நானே போறேன்டா" என்று அண்ணன் புறப்பட்டார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. கடைசியில் மூச்சிரைப்பு வந்து தறியை விட்டு இறங்கும்வரை மாதம் தவறாமல் போய்வந்தார். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அண்ணி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தம் வீட்டுத் தறிகளை நிறுத்திவிட்டு வந்த நெசவாளர்களுக்கும், தென்னேரியிலிருந்து பஸ் ஏறி வந்து அண்ணி பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்த பச்சையம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் மகன் வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருக்கிறான். "சில காலம் வெளியூரில் நெசவு செய்தார்" என்று போட்டிருக்கிறான். "வேணாம் சித்தப்பா, சம்பந்தி வூட்டுக்காரங்க படிப்பாங்க" என்கிறான். படிக்கட்டும். என் அண்ணன் செய்ததில் அதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை. சிறையில் நெய்தார், கூலி வாங்கினார், அந்தக் கூலி தென்னேரிக்குப் போயிற்று என்று அச்சிட வேண்டும். அதைக் கொண்டுபோனது யார் என்பதையும் அச்சிட வேண்டும். வெயிலிலும் மழையிலும் ஐந்து வருஷம், ஒரு மாதம்கூட விடாமல் மிதித்தவன் நான். தம்பி என்று மட்டும் போட்டால் போதாது, அவருக்கு நான்கு தம்பிகள். ஏகாம்பரம் என்று பெயரைப் போடுங்கள்.