டயாலிசிஸ் யூனிட்டின் மதியச் சாப்பாடு

"இன்னும் ஒரு ஸ்டாஃபுக்கு பாசிட்டிவ் வந்தா யூனிட்ட மூடிடுவேன் சிஸ்டர். எனக்கு வேற வழி தெரியல."

அட்மின் சார் இதைச் சொன்னபோது கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. ஒரகடத்தில் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த புதிதில் அப்பா கேட்டார்: "ஊசி போட மாட்டியாமே, அப்புறம் இன்னாதான் வேல உனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே நோய் ஒட்டிக்காம பாத்துக்கணும்பா."

"அதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று சிரித்தார். ஆனால் தெருவில் எல்லோரிடமும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டயாலிசிஸ் யூனிட்டில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டாஃபுக்குத் தொற்று வந்திருந்தது. அட்மின் சார் பயந்ததில் தவறில்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் வீட்டில் பத்திரமாக இருந்துகொள்ள முடியாது. வாரத்தில் மூன்று முறை வந்தே ஆக வேண்டும். மூடப்போகிற செய்தி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிய ஏழுமலை அண்ணன் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மூடப் போறீங்களாமே யம்மா? மெட்ராஸ்ல நாலு எடத்துல கேட்டுட்டேன். புது ஆள எடுக்க மாட்டாங்களாம். ஒரு தபா தப்புனாலே எனக்கு மூச்சு வாங்குது. மெஷினு நல்லாத்தானே கீது, அப்புறம் ஏன் மூடணும்?"

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. எங்களுக்குள் எங்கே ஓட்டை என்பதுதான் தெரியவில்லை.

1. ஸ்டோர் ரூம்

யூனிட்டில் போய் நின்று பார்த்தேன். கவுன் போடுவது, கழற்றுவது, கை கழுவுவது, ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும்போது கிளவுஸ் மாற்றுவது, எல்லாம் சரியாக நடந்தது. டெக்னீஷியன் ஸ்டீபன் பொறுமை இழந்தார்.

"சிஸ்டர், நீங்க இப்டி மொறைச்சுகினு நின்னீங்கன்னா ஊசி குத்துற கை நடுங்குது. பாவம், பேஷண்டோட நரம்பு என்னப் பாத்துப் பயப்படுது."

முதல் ஷிஃப்ட் நோயாளிகள் கிளம்பியதும், கிருமி போகத் தானாகவே கழுவிக்கொள்ளும்படி மெஷின்களை டிஸ்இன்ஃபெக்‌ஷனில் போட்டார்கள். அடுத்த ஷிஃப்ட் நோயாளிகள் வெளியே காத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் யூனிட்டில் ஒரு ஸ்டாஃபும் இல்லை. ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சலைன் பெட்டிகளின் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய மாஸ்க்கும் தாடைக்குக் கீழே. நடுவில் கருவாட்டுக் குழம்பு.

"வா சிஸ்டர், உக்காரு. கதவச் சாத்து மொதல்ல" என்றார் மணிமங்கலத்திலிருந்து வரும் அட்டெண்டர் சுமதி அக்கா. "வாசனை வெளிய போனா பாவம் அதுங்க, உப்பில்லாம துன்றதுங்க, நாக்கு ஊறிப் போயிடும்."

நோயாளிகள் மேல் உள்ள இரக்கத்தில் மூடிய கதவு அது. யூனிட்டில் பாதிப் பேர் முன்பு கார் பார்ட்ஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். அங்கே அசெம்ப்ளி லைன் நின்றால் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சாப்பிடுவார்கள். இங்கே மெஷின் டிஸ்இன்ஃபெக்‌ஷனில் போவதுதான் அவர்களுக்கு லைன் நிற்கும் நேரம். நோய் நோயாளியிடமிருந்துதான் வரும் என்று நினைத்து அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், கூட வேலை செய்பவரிடமிருந்து வரும் என்று நினைக்கவே இல்லை.

2. சுமதி அக்காவின் குழம்பு

மறுநாளே ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். இனி மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்ட இடத்தில், முறை வைத்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவரவர் சாப்பாட்டை அவரவர்தான் சாப்பிட வேண்டும்.

எல்லோரும் முனகிக்கொண்டே போனார்கள். சுமதி அக்கா மட்டும் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ஏன்க்கா சாப்பிடல?"

"ரத்தம் தொடைக்கிறேன், வாந்தி அள்றேன். அப்பல்லாம் ஒண்ணும் இல்ல. என் டப்பாவுல கை வெச்சா மட்டும் நோய் வந்துடுமா?"

"டப்பாவால இல்லக்கா. மூடுன ரூம்ல மாஸ்க் இல்லாம பேசிக்கிட்டு உக்காந்தா..."

"எனக்குப் புரியாதுன்னு சொல்லாத. நான் வேல பாத்த வூட்ல எனக்குன்னு ஒரு தட்டு, பின்னாடி ஜன்னல்ல சொருவி வெச்சிருப்பாங்க. இங்க வந்துதான் என் கொழம்ப நாலு பேரு கேட்டு வாங்கி ஊத்திக்கிறாங்க. அதத்தான் நீ பூட்டுன."

நான் படித்த எந்த வழிகாட்டியிலும் அந்த ஜன்னல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தத் தட்டு தெரியும். கம்பெனி கேண்டீன் வேலைக்குப் போவதற்கு முன் அம்மாவும் வீட்டு வேலை செய்தவர்தான்.

தொற்று பரவியது பகிர்ந்ததால் அல்ல, மூடிய அறையில் முகம் பார்த்து உட்கார்ந்ததால். அப்படியென்றால் பகிர்வதை ஏன் நிறுத்த வேண்டும்? வீட்டுக்குப் போகும் ஸ்டாஃப் பஸ்ஸில் இது பிடிபட்டது.

அடுத்த நாள் டியூட்டி தொடங்கும் முன்பே எல்லோருடைய டப்பாக்களையும் மாடியில் வரிசையாக வைக்கச் சொன்னேன். மாஸ்க் போட்டு, சோப்பில் கை கழுவி, சுத்தமான கரண்டிகளோடு நின்றேன். ஒவ்வொருவருடைய குழம்பிலும் பொரியலிலும் கொஞ்சம் எடுத்து மற்ற எல்லோருக்கும் வைத்தேன். முதலில் சுமதி அக்காவின் டப்பாவைத்தான் திறந்தேன்.

"நர்சிங் படிச்சிட்டு கேண்டீன் காண்ட்ராக்ட் எடுத்துட்டீங்க போல" என்றார் ஸ்டீபன்.

"எங்கம்மா கேண்டீன்லதான் இருக்காங்க. கை தானா வருது."

"அப்ப எனக்குக் கருவாடு ஒண்ணு சேத்துப் போடுங்க."

"அளவோட துன்னுடா" என்றார் சுமதி அக்கா. அன்று மதியம் அவர் மாடிச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து, ஐந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தார்.

3. குன்றத்தூரிலிருந்து ஒரு போன்

இது பழகிப்போன பிறகு ஒருநாள் காலை ஸ்டீபன் குன்றத்தூரிலிருந்து பேசினார். அவர் தம்பிக்குத் தொற்று, இப்போது அவருக்கும் பாசிட்டிவ்.

அட்மின் சார் உடனே கூப்பிட்டார். "சொன்னேன்ல சிஸ்டர். பேஷண்டுங்களுக்கு போன் பண்ணிடுங்க."

"சார், மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. அவர் கூட மாஸ்க் இல்லாம யாரு இருந்தாங்கன்னு நீங்களே கேளுங்க. ஒருத்தர் இருந்தாலும் நானே போன் பண்றேன்."

அட்மின் சார் மாடிக்கு வந்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டார். சுமதி அக்கா முறை வந்தது.

"அவன் டப்பாவுல என் கொழம்பு கீது சார். ஆனா அவன் மூஞ்சிய மாஸ்க் இல்லாம பாத்து எத்தினி நாளாச்சி. மீச வெச்சிருக்கானா, எடுத்துட்டானா, எனக்குத் தெரியாது."

அட்மின் சார் சிரிக்கவில்லை, யோசித்தார். "டெஸ்ட் எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஓடட்டும்."

எல்லோருக்கும் நெகட்டிவ். சில நாள் விட்டு மறுபடியும் எடுத்தோம். அப்போதும் நெகட்டிவ். நோயாளிகளிலும் யாருக்கும் வரவில்லை. யூனிட் ஒரு வேளைகூட மூடவில்லை.

இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று ஏழுமலை அண்ணன் மெஷினில் படுத்திருந்தார். "இன்னாச்சி யம்மா?" என்றார்.

"மூடலண்ணா."

"அப்ப தூங்குறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வார்டைப் பார்த்து முடித்ததும், உங்கள் ஸ்டாஃப் மாஸ்க்கைக் கழற்றும் இடம் எது என்று தேடிப் போங்கள். அங்கே அவர்களுக்கு எது பிரியமானது என்று கேளுங்கள். அதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு விதியைச் சொல்லுங்கள், நீங்கள் இல்லாத நேரத்திலும் அதைக் கடைப்பிடிப்பார்கள். எங்கள் யூனிட்டில் கடைப்பிடித்தார்கள். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.