நீல அட்டை யாருக்கு, ரோஜா அட்டை யாருக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில் அப்பா மலாயாவில் புக்கிட் ரோத்தானுக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அங்கே எங்களுடையது மட்டும்தான். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. தோட்டத்துத் துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பும் சமயம், அவர் மனைவியான துரைசாணி எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் பிள்ளைகள் படித்து முடித்த கதைப்புத்தகங்கள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார்.

ஒன்று நீல அட்டை. நடுவில் பாய் விரித்த வெள்ளைக் கப்பல். மற்றது ரோஜா நிறம். ஓரமெல்லாம் பொன்னிறப் பூங்கொடி. நீலத்தை என்னிடம் தந்தார், ரோஜாவைத் தம்பியிடம். நீலம் சாந்தமான நிறம், அது பெண்ணுக்கு. ரோஜா நிறம் சிவப்பிலிருந்து பிறந்தது, அது ஆணுக்கு என்று துரைசாணி சொன்னதை அப்பா தமிழில் எங்களுக்கு விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனார்.

எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். நீலப் புத்தகத்தில் ஒரு கப்பல் தலைவனின் மகள் தகப்பனோடு கடலுக்குப் போகிறாள். பூங்கொடி போட்ட புத்தகத்தில் ஒரு பையன் வாத்து வளர்க்கிறான். அதைத் தம்பிக்கு அப்பா வாசித்துச் சொல்வார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பான்.

சில மாதங்களில் புதிய துரை வந்தார். அவர் மனைவி வயதில் இளையவர், கலகலப்பானவர். கிராணிமார் வீடுகளைப் பார்க்க வந்தவர், முன்கூடத்தில் நாங்கள் இருவரும் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்டு சிரித்தார். கப்பல் படம் போட்ட நீலம் ஆண்பிள்ளைக்கு அல்லவா, பூப்போட்ட ரோஜா நிறம் பெண்பிள்ளைக்கு அல்லவா என்று கேட்டு, தன் கையாலேயே இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். உள்ளே திறந்து பார்க்கவில்லை. அப்பா எழுந்து நின்று, "எஸ், மேடம்" என்றார்.

அவர் போனதும் தம்பி அழத் தொடங்கினான். நான் அழவில்லை. என் கப்பல் பனிக்கட்டிக்குள் சிக்கிக் கிடந்தது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. திருப்பித் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். துரைசாணி மறுபடி வருவார், அதுவரை மாற்றியபடியே இருக்கட்டும் என்றார்.

சாப்பாடு போடும்போது அம்மா கேட்டார்: "நிறத்தைப் பாத்தே பிள்ளையள் வாசிக்குதுகள்?"

"அவ சொல்லிப்போட்டுப் போனவ. நான் என்ன செய்யிறது?"

"போன துரைசாணி ஒண்டு சொன்னா, வந்தவ இன்னொண்டு சொல்லுறா. நாளைக்கு மூண்டாவதா ஒருத்தி வந்தா?"

அப்பா குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் அம்மா மாவு வந்த துணிப்பைகளை வெட்டி, இரண்டு புத்தகங்களுக்கும் ஒரே மாதிரி உறை தைத்தார். கப்பலும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. அவரவர் புத்தகம் அவரவர் கைக்கு வந்தது. துரைசாணி கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா கவலைப்பட்டார். "பூஞ்சணம் பிடிக்குது எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே" என்றார் அம்மா. அது உண்மைதான். அந்த ஈரத்தில் எங்கள் வீட்டுச் செருப்பு கூடப் பச்சை பிடிக்கும்.

துரைசாணி அடுத்த முறை வந்தபோது உறையைத் தடவிப் பார்த்தார். அப்பா பூஞ்சணத்தைச் சொன்னார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன் வீட்டிலும் அட்டைகள் எல்லாம் கெட்டுப்போகின்றன, அவற்றுக்கும் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அந்த வாரமே பங்களாவிலிருந்து ஒரு கூடை நிறையப் புத்தகங்கள் வந்தன. சிவப்பு, பச்சை, ஊதா என்று பல நிறம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை தைத்துத் திருப்பி அனுப்பினார். உறை போடுமுன் அவற்றில் இரண்டு மூன்றை நான் வாசித்துவிட்டேன்.

என் கப்பல் பனியிலிருந்து தப்பியது. ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தம்பியின் புத்தகத்தையும் பிறகு வாசித்தேன். வாத்துக்கதை நன்றாகவே இருந்தது. என்னுடையதை அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கப்பலில் ஒரு கோழிகூட இல்லை என்று அவனுக்குக் குறை.