ஸ்கைலாபும் விதைப்பூண்டும்

பூம்பாறைச் சோலையம்மாளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், விதைப்பூண்டை மட்டும் கேட்க முடியாது. அடுத்த நடவுக்கென்று பொறுக்கியெடுத்த பெரிய பூண்டுகளைத் தாளோடு முடிந்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். மகள் கண்மணி பிள்ளை பெற்றுக் கிடந்தபோதுகூட, பத்தியத்துக்கு என் மளிகைக் கடையில்தான் பூண்டு வாங்கினார். புருஷன் போன பிறகு, சரிவில் இருந்த இரண்டு தட்டுத் தோட்டத்தை ஒற்றையாளாகக் கொத்தி மகளைக் கரையேற்றியவர். விதை போனால் பிழைப்பே போனது மாதிரி அவருக்கு.

அதே பிடிவாதம் அண்ணன் பொன்னுவேல் விஷயத்திலும் இருந்தது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் முறுக்கிக்கொண்ட பொன்னுவேல், சின்ன வயதில் கண்மணிக்கு நடந்த காதுகுத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லை. தாய்மாமன் இருந்தும், ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்து அவளுக்குக் காது குத்தினார்கள். அன்றிலிருந்து சோலையம்மாள் அண்ணன் பெயரைச் சொன்னதில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும்.

1979 ஜூலையில் ஸ்கைலாப் பேச்சு வந்தது. அமெரிக்கர்கள் விண்வெளியில் ஆட்களைத் தங்கவைத்த கூடம் அது. ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அது கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்றது என் கடை ரேடியோ. சூரியனில் கொந்தளிப்பு கூடியதால் மேல்காற்று உப்பி அதன் வேகத்தைக் குறைத்துவிட்டது என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. மலைமேல் உயரத்தில் இருக்கிற நமக்குத்தான் முதல் அடி என்று ஊர் முடிவு கட்டியது. எப்படியும் சாகப்போகிறோம் என்று ஆடும் கோழியும் குழம்பாயின. நானும் ஒரு சேவலை அறுத்தேன், அதனால் யாரையும் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை.

விழும் என்று சொன்ன நாளன்று காலையில் சோலையம்மாள் கடைக்கு வந்தார்.

“பாய், மேலத் தெருக்காரர மதியம் சாப்புட வரச் சொல்லுங்க.”

“எந்த மேலத் தெருக்காரரும்மா?”

முறைத்தார். “போற நேரத்துல கூடப் பொறந்தவரு மொகத்தப் பாக்காமப் போக முடியுமா? வெரசாப் போய்ச் சொல்லுங்க. நீங்களும் வாங்க.”

பொன்னுவேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

அடுப்புக்கு மேலே வெறும் கயிறு தொங்கியது. குழம்புக்கு உரித்தது போக மிச்சப் பூண்டையெல்லாம் ஊர்ப் பொதுச் சமையலுக்கு அள்ளிக் கொடுத்திருந்தார் சோலையம்மாள். பொன்னுவேல் ஒரு பூண்டுப் பல்லை வாயில் போட்டார், நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார். “நல்லாருக்கு” என்று சொல்லி, மறுசோறு கேட்டு வாங்கினார். சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ரேடியோ சொன்னது: இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை. ஊரே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. சோலையம்மாள் மட்டும் வெறும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நடவுக்கு ஒரு பல் இல்லை. ஆனால் பார்க்கப் போன என்னிடம் அவர் கேட்டது வேறு.

“சாவுக்குப் பயந்துதான் கூப்புட்டேன்னு நெனச்சுருப்பாருல்ல, பாய்? இனிமே எதுக்க வந்தா நான் எங்குட்டுப் பாக்குறது?”

சற்று நேரத்தில் பொன்னுவேல் தோளில் ஒரு சாக்கோடு உள்ளே வந்தார். தன் நடவுக்கு வைத்திருந்த விதைப்பூண்டில் பாதியைக் கொண்டுவந்திருந்தார். யாரையும் கேட்காமல் பலகையைப் போட்டு ஏறி, ஒவ்வொரு பிடியாகக் கயிற்றில் கட்டத் தொடங்கினார்.

“அண்ணே” என்றார் சோலையம்மாள். “அது இங்க விழலையாம்ண்ணே.”

“விழாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். இம்புட்டுப் பெரிய ஒலகத்துல, பூம்பாறையத் தேடி வர்றதுதான் அதுக்குச் சோலியா?”

“பெறகு ஏண்ணே வந்தீங்க?”

பொன்னுவேல் திரும்பவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

“காதுகுத்துக்கு நீ கூப்புட்டப்ப வராமப் போனேன். இன்னொரு தடவ கூப்புட மாட்டியான்னு இருந்தேன், தாயி.”