தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் ஊரில் ஹிசானோவைப் போல அரசாங்கப் படிவங்களோடு மல்லுக்கட்டியவர் யாரும் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஏரிக்குக் கீழே ஒரு ஹெக்டேர் நெல் வயல். அறுப்பு முடிந்ததும் எல்லாரும் வயலைக் காயப்போடுவோம், அவள் மட்டும் தண்ணீர் கட்டுவாள். வடக்கிலிருந்து வரும் அன்னங்களும் காட்டு வாத்துகளும் குளிர்காலம் முழுக்க அதில் இறங்கி மேயும். மண்ணும் நன்றாகும், களைக்கொல்லியும் வேண்டாம் என்பாள்.

அந்த வயலில் பாதி கொழுந்தன் மசனோரிக்கு. அவன் சென்டாய் நகரத்தில் குடியிருக்கிறான். போன இலையுதிர்காலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"கம்பெனிக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுடலாம் அண்ணி. நீங்க பண்றது விவசாயமா, வாத்துக்கு விருந்தா?"

"இப்படித் தண்ணி கட்டறதுக்கு அரசாங்கமே உதவித்தொகை குடுக்குது."

"அப்படியா! வாங்கிக் காட்டுங்க. மார்ச்சுக்குள்ள வந்துச்சுன்னா வயல் உங்க கையில. வரலைன்னா குத்தகைப் பத்திரத்துல உங்க பேர் முத்திரையைக் குத்திடணும்."

அன்றிலிருந்து பிடித்தது சனி. தனி ஆளுக்குக் கிடையாது, குழுவாக வாருங்கள் என்றார்கள். முடிதிருத்தும் கடை நடத்தும் எனக்குக் கையகல வயல் ஒன்று உண்டு. அதையும் சேர்த்து, நாங்கள் இருவரும் ஒரு குழுவானோம், குழுவுக்கு விதிமுறைகள் வேறு எழுதினோம். வரைபடத்தில் எல்லையைச் சிவப்பில் வரைந்ததற்கு ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். பச்சையில் வரைந்தால், காகிதம் மடிந்திருக்கிறதாம். தேதி எழுதிய கரும்பலகையைத் தண்ணீருக்கு முன்னால் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். எடுத்தோம். பலகை தெரிகிறது, தண்ணீர் தெளிவாக இல்லை என்றார்கள். மேலே பனி மூடினால் தண்ணீர் எப்படித் தெரியும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையை அலுவலகத்திலேயே உடைத்திருப்பேன். ஹிசானோ தலைகுனிந்து வணங்கிவிட்டு மறுபடி படம் எடுக்கப் போனாள்.

முக்கியமான விதி ஒன்றுதான். டிசம்பர் முதல் தேதி தொடங்கி அறுபது நாள் விடாமல் தண்ணீர் நிற்க வேண்டும்.

புத்தாண்டு முடிந்ததும் மகளுக்குப் பிரசவம் என்று ஹிசானோ மூன்று நாள் வெளியூர் போனாள். அந்த நேரம் பார்த்துக் கடும் குளிர் பிடித்தது. வயலில் உறைந்த பனிக்கட்டி வரப்பை நெட்டித் தள்ளியது. எங்கள் ஊரின் நீர்க்காவலர் குன்ஜி அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். எழுபத்து நான்கு வயது, நாற்பது வருஷமாக அந்த வேலை. யார் வயலில் எலி வளை தோண்டினாலும், மடை பெயர்ந்தாலும் அவரே சரிசெய்துவிட்டுப் போவார். முன்னால் கேட்கவும் மாட்டார், பின்னால் சொல்லவும் மாட்டார். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது எங்கள் பக்கத்தில் அசிங்கம். அன்றும் வரப்பு பிளந்துவிடக் கூடாதே என்று மடைப்பலகையை உருவித் தண்ணீரை வடித்துவிட்டார். குளிர் தணிந்ததும் திரும்பத் தேக்கலாம் என்பது அவர் நினைப்பு.

மறுநாள் காலையில் சோதனைக்கு வந்து நின்றார் அலுவலர் தோகாஷி.

"நாப்பத்தோராம் நாள்," என்றார், சேற்றைப் பார்த்துக்கொண்டே. "தண்ணி எங்கம்மா?"

ஹிசானோவும் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். உருவிக் கிடந்த மடைப்பலகையைக் காட்டி, இது குன்ஜி அண்ணன் வேலை என்று நான்தான் கத்தினேன். மனிதர் கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி சொன்னார். தண்ணீரை வடித்தவர், "விண்ணப்பதாரரின் அனுமதியின்றி அத்துமீறி நுழைந்து நீரை வெளியேற்றினேன்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால், தண்ணீர் இல்லாத இந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம்.

"போய்க் கேளு," என்றேன்.

"என்னன்னு கேக்கறது அக்கா? என் வரப்பைக் காப்பாத்தினதுக்கு, 'நான் திருடன்'னு எழுதிக் குடுங்கன்னா?"

"எழுதலைன்னா வயல் போயிடும்டி!"

"தெரியும். அந்த மனுஷன்கிட்ட என்னால கேக்க முடியாது."

அவளால் முடியாது, என்னால் முடியும் என்று கிளம்பினேன். அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தை நானே எழுதிக்கொண்டு குன்ஜி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். 'அத்துமீறி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தாண்ணே. அவங்களுக்கு அப்படி எழுதினாத்தான் ஆகும்."

"நம்ம ஹிசாவுக்கு வயல் நிக்கணும்ல," என்றார். உள்ளே போய்த் தன் பெயர் முத்திரையை எடுத்துவந்து குத்திக் கொடுத்தார்.

மார்ச்சில் தொகை அனுமதியானது. மசனோரி குத்தகைப் பேச்சை விட்டுவிட்டான். ஹிசானோ இனிப்பு வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். கடிதத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். இனிப்பைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், உள்ளே கூப்பிடவில்லை.

மே மாதம் நாற்று நட்ட நான்காம் நாள் அடைமழை. காலையெல்லாம் ஹிசானோ என் கடையில்தான் இருந்தாள், பிறகு இருவரும் அவள் வீட்டுக்கு வந்தோம். மதியம் வாசல் மணி அடித்தது. குன்ஜி அண்ணன் மழைச்சட்டையில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"மன்னிக்கணுங்க. உங்க வயல்ல கீழ்வரப்பு உடைஞ்சு தண்ணி போகுது, நாத்தும் சேர்ந்து போகுது. உள்ள இறங்கி அடைக்க உங்க அனுமதி உண்டுங்களா?"

மருமகளாக வந்த நாளிலிருந்து அவளை அவர் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"எப்ப உடைஞ்சதுண்ணே?" என்றாள்.

"காலையிலயே பார்த்தேங்க. ரெண்டு தடவை வந்து மணி அடிச்சேன். நீங்க வீட்டுல இல்லைங்க."